மாரடைப்புக்கு முந்தைய இருபது ஆண்டுகள்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ஆம் ஆண்டில் மட்டும் இதய, இரத்தக்குழாய் நோய்களால் ஏறத்தாழ 1 கோடியே 79 லட்சம் பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு உலகில் நிகழ்ந்த மரணங்களில் இது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அவற்றுள்ளும் 85 விழுக்காடு மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் நேர்ந்தவை. ஒரு தொற்றுநோய் பரவினால் இறந்தோர் எண்ணிக்கை நாள்தோறும் செய்தியாகிறது. அரசுகள் கூடிப் பேசுகின்றன. மாரடைப்போ ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே நேர்ந்த துயரமாக, விதியின் செயலாகவே பேசப்படுகிறது. ‘நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தார்’ என்று சொல்லக் கேட்காதவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. அந்தச் சொற்கள் பெரும்பாலும் உண்மையல்ல என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுத விரும்புகிறேன். அவருடைய உடலில் நோய் பத்து, இருபது ஆண்டுகளாக வளர்ந்துகொண்டிருந்தது. அதை அளந்து அறிய எளிய கருவிகள் இருந்தன. தடுத்து நிறுத்தப் பழைய, நன்கு சோதிக்கப்பட்ட மருந்துகளும் இருந்தன. பொதுச் சுகாதாரத்தின் சுமை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, எவரும் கவனிக்காமல் கழிந்த அந்த ஆண்டுகளில்தான் சேர்கிறது.

இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பு படியத் தொடங்குவது இளமையிலேயே. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை ஆராய்ந்த மருத்துவர்கள் 1953-இல் வெளியிட்ட முடிவு அக்கால மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது. இறந்தவர்களின் சராசரி வயது 22. உடல்தகுதி பார்த்துப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட இளைஞர்கள் அவர்கள். ஆயினும் அவர்களில் நான்கில் மூன்று பங்கினரின் இதயத் தமனிகளில் நோயின் தடயம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அந்தப் படிவு ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. ஒருநாள் அதன் மேற்பரப்பு கிழிந்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கும்போது அதை மாரடைப்பு என்கிறோம். மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டாலோ, உயர் அழுத்தத்தால் நாளடைவில் நலிந்த சிறு குழாய் வெடித்தாலோ பக்கவாதம் வருகிறது. நிகழ்வு சில நிமிடங்களுக்குள் நடந்து முடிந்தாலும் அதற்கான ஆயத்தம் ஒரு தலைமுறைக் காலம் நீண்டது.

இந்த நோய்களை வசதி படைத்தவர்களின் நோய் என்று கருதும் வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. இதயநோய் மரணங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்த வருவாய், நடுத்தர வருவாய் நாடுகளில்தான் நிகழ்கின்றன. 70 வயதுக்கு முன் தொற்றாநோய்களால் இறப்பவர்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினரின் மரணத்துக்கு இதய, இரத்தக்குழாய் நோய்களே காரணம். அதாவது உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் வயதில், பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் காலத்தில், ஒரு வீட்டின் வருமானம் நின்றுபோகிறது. மரணச் சான்றிதழில் அது ஒரு வரி. அந்த வீட்டில் படிப்பை நிறுத்திய பிள்ளையும், கடனுக்கு விற்கப்பட்ட நிலமும் எந்தப் புள்ளிவிவரத்திலும் சேர்வதில்லை.

பக்கவாதத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. 2019-இல் உலகில் புதிதாக ஏறத்தாழ 1 கோடியே 22 லட்சம் பேர் பக்கவாதத்துக்கு ஆளானார்கள். சுமார் 65 லட்சம் பேர் இறந்தார்கள். முன்னரே பக்கவாதம் வந்து உயிர் பிழைத்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் 10 கோடிக்கும் மேல். 25 வயதைக் கடந்தவர்களில் நால்வருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் பக்கவாதத்தைச் சந்திக்கக்கூடும் என்பது உலகளாவிய மதிப்பீடு. என் தந்தை அந்த நால்வரில் ஒருவர். அவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தே இருந்தது, மாத்திரையும் எடுத்துக்கொண்டார். ஒருமுறை அளந்தபோது அழுத்தம் சரியாக இருந்ததால், நோய் குணமாகிவிட்டது என்று நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரை வேலை செய்துகொண்டிருந்ததால்தான் அழுத்தம் சரியாக இருந்தது என்பதை அவருக்கு விளக்கிச் சொல்ல அப்போது எவரும் இல்லை. பின்னர் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சின் பெரும்பகுதியையும் எடுத்துக்கொண்டது. அதன்பின் என் தாயின் ஒவ்வொரு நாளும் அவரைக் குளிப்பாட்டுவதிலும், ஊட்டுவதிலும், அவர் சொல்ல முயலும் சொல்லை ஊகிப்பதிலும் கழிந்தது. மருத்துவப் பதிவேட்டில் நோயாளி ஒருவர் என்றே இருக்கும். அந்த நோய் எங்கள் வீட்டில் இருவரின் வாழ்நாளை எடுத்துக்கொண்டது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். இந்தத் துறையைத் தொடர்ந்து படிக்கத் தொடங்கியதும் அதனால்தான்.

உயர் இரத்த அழுத்தம் ஆபத்தானது என்பது இன்று சிறுவர்களுக்கும் தெரிந்த செய்தி. முக்கால் நூற்றாண்டுக்கு முன் மருத்துவர்களுக்கே இதில் தெளிவு இருக்கவில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச் மாதம் ஓர் இளம் இதயநோய் மருத்துவர் பரிசோதித்தபோது அவருடைய இரத்த அழுத்தம் 186/108 ஆக இருந்தது (இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் முதல் எண், தளரும்போது உள்ளது இரண்டாவது), இதயமும் செயலிழந்துகொண்டிருந்தது. வயதாக ஆக அழுத்தம் ஏறுவது இயல்பு, கெட்டிப்பட்ட குழாய்களின் வழியே இரத்தத்தைத் தள்ள உடலுக்கு அது தேவைப்படுகிறது என்று பலர் நம்பிய காலம் அது. உப்பைக் குறைப்பது, ஓய்வு எடுப்பது, இதயத்தின் துடிப்பை வலுப்படுத்தும் டிஜிடாலிஸ் மருந்தைக் கொடுப்பது ஆகியவற்றுக்கு மேல் கையில் அதிகம் இல்லை. உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த அந்த மனிதர் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 63. அன்று அவருடைய இரத்த அழுத்தம் 300/190 வரை ஏறியதாகப் பதிவாகியுள்ளது. உலகின் மிகுந்த அதிகாரம் கொண்ட நோயாளிக்கே, கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்த ஓர் எண்ணைத் தடுக்க வழியில்லாமல் இருந்தது. இன்று அதற்கான மாத்திரைகள் விலை குறைந்தவை, காப்புரிமைக் காலம் முடிந்தவை. ஆனாலும் இன்று கோடிக்கணக்கானோரின் நிலை 1944-இன் ரூஸ்வெல்ட்டின் நிலையிலிருந்து அதிகம் மாறவில்லை என்பதை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

1948-இல் அமெரிக்கா தேசிய இதயச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்காம் என்ற நகரில் 30 முதல் 62 வயது வரையிலான 5,209 ஆண்களையும் பெண்களையும் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களின் அழுத்தம், கொழுப்பு, எடை, புகைப்பழக்கம் எல்லாம் பதிவாகின. பின்னர் யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்று ஒப்பிட்டார்கள். வந்தபின் நோயை ஆராய்வது மருத்துவத்தின் பழைய வழி. வருவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோரைப் பதிவுசெய்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பது அன்று புதியது. உயர் அழுத்தம், மிகுந்த கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவை இதயநோயின் வரவை முன்கூட்டியே காட்டுகின்றன என்பதை அந்த நகரத்து மக்கள் தந்த தரவுகள் 1960-களில் உறுதிப்படுத்தின. அவர்களின் பிள்ளைகளும், பின்னர் பேரப்பிள்ளைகளும் அதே ஆய்வில் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு நகரம் மூன்று தலைமுறைகளாகத் தன் உடலைக் குறித்த உண்மைகளை உலகுக்குத் தந்துகொண்டிருப்பதை நன்றியோடு நினைக்கிறேன்.

காரணிகள் நாட்டுக்கு நாடு மாறுமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. 52 நாடுகளில் முதல் மாரடைப்புக்கு ஆளான சுமார் 15,000 பேரையும், ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் நோயற்றவர்களையும் ஒப்பிட்டு இதயநோய் ஆய்வாளர் சலீம் யூசுஃப் தலைமையிலான குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனஅழுத்தம், உணவு, உடலுழைப்பு, மது என ஒன்பது காரணிகளைக் கொண்டே மாரடைப்பு ஆபத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை விளக்க முடிந்தது. எல்லாக் கண்டங்களிலும், ஆண் பெண் இருபாலரிடமும் அவை பொருந்தின. பரம்பரை என்று கைகழுவிவிட இந்த ஆய்வு அதிகம் இடம் வைக்கவில்லை.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. 140/90 என்பதை ஓர் எல்லைக்கோடாக எண்ணி, அதற்குக் கீழே இருந்தால் ஆபத்தே இல்லை, மேலே போனால்தான் நோய் என்று நினைக்கிறோம். சிகிச்சை தொடங்க ஒரு கோடு வேண்டும் என்பதற்காக மருத்துவர்கள் வகுத்துக்கொண்டது அது. உடலுக்கு அப்படிப்பட்ட கோடு எதுவும் தெரியாது. 61 ஆய்வுகளில் பங்கேற்ற ஏறத்தாழ பத்து லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான பகுப்பாய்வு, 115/75 என்ற அளவிலிருந்தே ஆபத்து ஏறத் தொடங்குவதைக் காட்டியது. 40 முதல் 69 வயது வரையிலானவர்களில் மேல் அழுத்தம் (முதல் எண்) 20 புள்ளி ஏறும் ஒவ்வொரு முறையும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் ஆபத்து இரட்டிப்பாகிறது.

இதையொட்டி, இந்தப் பகுப்பாய்வுக்கு முன்பே ஆங்கிலேயத் தொற்றியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1980-களில் எடுத்துக்காட்டிய ஓர் உண்மை முதலில் முரணாகத் தோன்றும். மிக உயர்ந்த அழுத்தம் கொண்டவர் ஒவ்வொருவருக்கும் ஆபத்து மிக அதிகம். ஆனால் அவர்கள் எண்ணிக்கையில் சிலர். சற்றே உயர்ந்த அழுத்தம் கொண்டவருக்கு ஆபத்து குறைவு. அத்தகையவர்களோ மிகப் பலர். ஆகவே ஒரு சமுதாயத்தில் நிகழும் மாரடைப்புகளிலும் பக்கவாதங்களிலும் பெரும்பகுதி இந்த இரண்டாம் கூட்டத்திலிருந்தே வருகிறது. கடும் நோயாளிகளை மட்டும் தேடிப் பிடித்துச் சிகிச்சை தருவதோடு நின்றுவிடும் சுகாதாரத் துறை, எத்தனை திறமையாக இயங்கினாலும் சுமையின் சிறு பகுதியைத்தான் குறைக்க முடியும். மக்கள் அனைவருடைய அழுத்தமும் சில புள்ளிகள் இறங்கினால், தனியொருவருக்கு அது தெரியவே தெரியாது. மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் மட்டும் தெரியும். ஆற்றின் நீர்மட்டம் ஒரு சாண் இறங்கினால் கரையோரத்து வீடுகள் அத்தனையும் ஒருசேரத் தப்புவதைப் போன்றது அது.

எல்லாருடைய அழுத்தத்தையும் இறக்கும் வழிகளில் முதலிடம் உப்புக்கு. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு சேர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உலகச் சராசரியோ அதைப்போல இரு மடங்குக்கும் மேல். பிரிட்டன் 2000-களின் தொடக்கத்தில், ஆலைகளில் தயாராகும் உணவுகளில் உப்பின் அளவைப் படிப்படியாகக் குறைக்கும்படி நிறுவனங்களுக்கு இலக்குகள் வகுத்தது. சிறிது சிறிதாகக் குறைத்ததால் நாவுக்கு அது தெரியவில்லை. சராசரி உப்பளவு நாளொன்றுக்கு 9.5 கிராமிலிருந்து 2011-இல் 8.1 கிராமாகக் குறைந்தது. சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், சாதாரண உப்பில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கலப்பு உப்பை மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

புகையிலையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. புகைப்பதை விட்ட ஓராண்டுக்குள் அதனால் கூடியிருந்த இதயநோய் ஆபத்து ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்ற ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஒரு வட்டாரமே சேர்ந்து மாற முடியுமா என்பதற்கு ஃபின்லாந்தின் வடக்குக் கரேலியா விடை. 1970 வாக்கில் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் இறப்பது உலகிலேயே மிக அதிகமாக இருந்த பகுதிகளில் அது ஒன்று. கணவன்மார்களை இழந்த பெண்கள் எங்கும் நிறைந்திருந்த அந்த வட்டாரத்தின் மக்கள் பிரதிநிதிகளே அரசிடம் முறையிட்டார்கள். 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. உணவில் விலங்குக் கொழுப்பையும் உப்பையும் குறைப்பது, புகைப்பழக்கத்தைக் கைவிடச் செய்வது, அழுத்தத்தை அளந்து சிகிச்சை தருவது என்று எல்லாவற்றையும் பெண்கள் அமைப்புகள், பள்ளிகள், உணவு உற்பத்தியாளர்கள் வழியாக ஒன்றாகச் செய்தார்கள். அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரண விகிதம் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குறைந்தது. அமெரிக்காவில் 1980-க்கும் 2000-க்கும் இடையே இதயநோய் மரணங்கள் குறைந்ததை ஆராய்ந்தவர்கள், அந்த வீழ்ச்சியில் ஏறத்தாழ பாதி மருத்துவச் சிகிச்சைகளாலும், ஏறத்தாழ பாதி மக்களிடம் ஆபத்துக் காரணிகள் குறைந்ததாலும் விளைந்தது என்று மதிப்பிட்டார்கள். அடைபட்ட தமனியை விரித்துவைக்கும் ஸ்டென்ட் வைப்பதையும் அறுவைச் சிகிச்சையையும் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. மருத்துவமனை தந்த அளவுக்கு மருத்துவமனைக்கு வெளியே நடந்த மாற்றமும் தந்திருக்கிறது என்பது மறக்கப்பட்டுவிடுகிறது. நிதி ஒதுக்கும்போது குறிப்பாக.

இனி அளப்பதும் மாத்திரையும். 2019-இல் 30 முதல் 79 வயது வரையிலானவர்களில் 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. அவர்களை நூறு பேராகச் சுருக்கிப் பார்த்தால், 46 பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. மருந்து எடுத்துக்கொள்பவர்கள் 42 பேர். அழுத்தம் கட்டுக்குள் இருப்பது 21 பேருக்கு. கையில் பட்டை சுற்றி அளக்கும் முறையை இத்தாலிய மருத்துவர் ரிவா ரொச்சி 1896-இலேயே தந்துவிட்டார். ஸ்டெதாஸ்கோப்பில் ஒலி கேட்டு இரு எண்களையும் குறிக்கும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் 1905-இல் தந்தார். மருந்து பக்கவாதத்தைத் தடுக்கிறது என்பதற்கான உறுதியான சோதனைச் சான்றுகள் 1967-இலிருந்து வரத் தொடங்கின. நூற்றாண்டைக் கடந்த கருவியும், அரை நூற்றாண்டைக் கடந்த சான்றும் இருக்கையில் ஐவரில் நால்வர் கட்டுப்பாட்டுக்கு வெளியே நிற்கிறார்கள் என்றால், குறை விஞ்ஞானத்தில் இல்லை.

குறை எங்கே என்பதை வடக்கு கலிஃபோர்னியாவின் கைசர் பெர்மனெண்டே மருத்துவ அமைப்பின் அனுபவத்திலிருந்து ஓரளவு அறியலாம். 2001-இல் அங்கே பதிவான உயர் அழுத்த நோயாளிகளில் 44 விழுக்காட்டினருக்கே அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. 2009-இல் அது 80 விழுக்காடாயிற்று. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. உயர் அழுத்தம் உள்ள அனைவரின் பெயர்களையும் ஒரே பதிவேட்டில் சேர்த்தார்கள். எந்த மருந்தில் தொடங்கி எப்போது எதைக் கூட்டுவது என்று எல்லா மருத்துவர்களுக்கும் ஒரே எளிய வழிமுறையை வகுத்தார்கள். இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரையைப் பரவலாக்கினார்கள். அழுத்தம் அளந்துகொள்ள மட்டும் வருபவர்களுக்கு மருத்துவர் தேவையில்லை, பயிற்சி பெற்ற உதவியாளரே கட்டணமின்றி அளந்து அனுப்பலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். இவை அனைத்தும் நிர்வாகப் பணிகள்; செய்தித்தாளில் படம் வராத பணிகள். என் தந்தையைப் போன்ற ஒருவர் மாத்திரை வாங்க வராமல் நின்றுபோனால், அதைக் கவனித்து அழைக்க ஒரு பதிவேடும் ஒரு மனிதரும் இருந்தார்கள் என்பதே அந்த மாற்றத்தின் சாரம் என்று நான் நினைக்கிறேன்.

தடுக்கத் தவறி, பக்கவாதம் வந்தேவிட்டால் நேரமே முதல் மருந்து. பெரிய குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. உறைவைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். அதற்குமுன் அடைப்பா, கசிவா என்று சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய குழாயின் அடைப்பைக் கம்பிக்குழாய் செலுத்தி அகற்றும் சிகிச்சையின் பயன் 2015-இல் வெளியான ஆய்வுகளால் உறுதியாயிற்று. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அது உதவும். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்ந்து விழுவது, பேச்சு குழறுவது ஆகியவற்றில் எது திடீரெனத் தோன்றினாலும், சற்றுப் படுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. அறிகுறி தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

ஒருமுறை பிழைத்தவர்களுக்கு நேர்வதுதான் என்னை அதிகம் கலங்க வைப்பது. மாரடைப்போ பக்கவாதமோ வந்து உயிர் தப்பியவருக்கு அது மீண்டும் வரும் ஆபத்து மிக அதிகம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆஸ்பிரின் போன்ற உறைவுத் தடுப்பு மருந்து, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின், அழுத்தத்தைக் குறைக்கும் இரு வகை மருந்துகள் ஆகியவை அதைத் தடுக்கும் என்பதும் 1980-களிலிருந்து படிப்படியாக நிறுவப்பட்டது. பல நாடுகளில் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. இத்தகைய நோயாளிகளில் இந்த நான்கு மருந்துகளில் ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளாதவர்கள் பணக்கார நாடுகளில் 11 விழுக்காட்டினர். ஏழை நாடுகளில் 80 விழுக்காட்டினர். நோயை அறிந்தவர்கள், மருத்துவமனையைக் கண்டவர்கள், மரணத்தின் அருகே சென்று திரும்பியவர்கள் இவர்கள். வீடு திரும்பிய சில மாதங்களில் மருந்துச் சீட்டு தீர்ந்துபோகிறது; அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரை இருப்பில்லை; வெளியே வாங்கக் கையில் பணமில்லை; உடம்பிலோ வலி எதுவும் இல்லை.

இந்த மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்க்கும் யோசனையைப் பிரிட்டனின் மருத்துவ ஆய்வாளர்கள் நிக்கோலஸ் வால்டும் மால்கம் லாவும் 2003-இல் விரிவாக முன்வைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின், 2023-இல், உலக சுகாதார நிறுவனம் அத்தகைய கூட்டு மாத்திரைகளைத் தன் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறுவது மருந்து கொள்முதலுக்கு வழிதிறக்கும். மீதி வேலை அந்தந்த நாட்டுச் சுகாதாரத் துறைகளுடையது. எத்தனை படுக்கைகள், எத்தனை ஆஞ்சியோபிளாஸ்டி என்று ஆண்டறிக்கைகளில் எண்ணிக்கை தருவதைப் போல, ஒவ்வொரு சுகாதார நிலையமும் தன் எல்லைக்குள் உயர் அழுத்தம் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் கடந்த மூன்று மாதங்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் எத்தனை பேர், மாத்திரை இருப்பில் இல்லாத நாட்கள் எத்தனை என்ற மூன்று எண்களையும் வெளியிட வேண்டும் என்று நான் கேட்கிறேன்.